நெடுந்தூர ஓட்டப் பயிற்சி: இளம் வயதிலேயே அறிந்திருக்க வேண்டியவை

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வில் வென்ற ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளுக்குள் ஓடி முடிக்க வேண்டும். விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் இத்தகைய உடற்தகுதித் தேர்வுகள் நடைபெறுகின்றன. தேர்வு நெருங்கும் மாதங்களில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளி மைதானங்கள், ஏரிக்கரைகள், சாலையோரங்கள் எங்கும் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடுவதைக் காணலாம். இராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராவோர், பள்ளி, கல்லூரி தடகள வீரர்கள், மாரத்தானில் ஆர்வம் கொண்டோர் ஆகியோரும் அவர்களுடன் ஓடுகின்றனர்.

ஓடுவது நல்ல பழக்கம். இதயம், நுரையீரல், எலும்பு, மனம் அனைத்துக்கும் அது நன்மை தருகிறது. ஆயினும் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது தொடங்கி, ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில் ஓடுபவர்களில் பலர் கால் வலியுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். சிலருக்கு அது எலும்பு முறிவாகவே இருக்கிறது. பல மாதங்கள் படித்துப் பெற்ற வாய்ப்பு, கடைசி இரண்டு வாரங்களில் கைநழுவிப் போகிறது.

நீண்ட காலம் ஓடி அனுபவம் பெற்றவர்களிடம், இளம் வயதில் எதை அறிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே கருத்தைத்தான் கூறுவார்கள்: மெதுவாகத் தொடங்கியிருக்க வேண்டும், ஓய்வெடுத்திருக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இந்த அறிவுரைக்குப் பின்னால் தெளிவான மருத்துவக் காரணங்கள் உள்ளன. அவற்றை ஓடுபவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் புரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

உடலின் எந்தப் பகுதி எவ்வளவு காலத்தில் பழகுகிறது?

பயிற்சியைத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் முன்பைவிடக் கூடுதலான இரத்தத்தை அனுப்புகிறது. நான்கு முதல் ஆறு வாரங்களில் மூச்சிரைப்பு கணிசமாகக் குறைகிறது. “இப்போது எளிதாக ஓட முடிகிறது, இன்னும் கூட்டலாம்” என்ற நம்பிக்கை இந்தக் கட்டத்தில்தான் பிறக்கிறது.

எலும்பு அந்த வேகத்தில் பழகுவதில்லை. புதிய சுமை விழும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்குகிறது. அது முதலில் தேய்ந்த பகுதியைக் கரைத்து அகற்றுகிறது; இதற்குச் சுமார் 3 வாரங்கள் ஆகின்றன. பின்னர் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. இதற்குச் சுமார் 3 மாதங்கள் தேவைப்படுகின்றன. பழைய சுவரை இடித்துவிட்டு, புதிய சுவர் எழும்பும்வரை இருக்கும் நிலையை இதற்கு ஒப்பிடலாம். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு தற்காலிகமாக வலுக்குறைந்து இருக்கிறது. தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்களும், குறிப்பாகக் குதிகாலின் பின்புறத் தசைநாண், உறுதிபெறப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே பயிற்சியின் இரண்டாம் மாதத்தில் ஒருவருடைய மூச்சு தயாராக இருக்கும்; எலும்பு தயாராக இருக்காது. மூச்சை மட்டும் நம்பித் தூரத்தைக் கூட்டுபவர்களுக்கே காயம் அதிகம் ஏற்படுகிறது. இந்த இடைவெளியை அறிந்து பொறுமை காப்பதே ஓட்டப் பயிற்சியின் முதல் பாடம்.

மெதுவாக ஓடுவது எவ்வாறு பயிற்சியாகும்?

மெதுவாக ஓடும்போது தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசை உயிரணுக்களுக்குள் ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்களின் எண்ணிக்கை உயர்கிறது. கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் திறன் வளர்கிறது. இவை நீண்ட நேரம் சோர்வின்றி ஓட அடிப்படையானவை. எலும்பின்மீதும் தசைநாண்களின்மீதும் பெரும் சுமை ஏற்றாமல் இந்த மாற்றங்களைப் பெறலாம் என்பதே மெதுவான ஓட்டத்தின் சிறப்பு.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்ட் என்பவர் இதை உலகுக்கு உணர்த்திய பயிற்சியாளர்களுள் முதன்மையானவர். வேகப் பயிற்சிக்கு முன்னர்ப் பல வாரங்கள் நீண்ட தூரம் ஓடி அடித்தளம் அமைக்க வேண்டும் என்பது அவரது முறை. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2 அன்று, அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். 800 மீட்டர் ஓடுபவருக்கும் நீண்ட தூர ஓட்டம் அடித்தளமாக அமைந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1500 மீட்டர் தேர்வுக்குத் தயாராகுபவருக்கும் இது பொருந்தும்.

ஓட்டம் மெதுவாக உள்ளதா என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஓடிக்கொண்டே அருகில் இருப்பவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிந்தால் அது மெதுவான ஓட்டம். ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். வாரத்தில் ஓடும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு பேசக்கூடிய வேகத்திலும், ஒரு பங்கு மட்டும் வேகமாகவும் இருப்பது நல்லது.

வயதைப் பற்றியும் ஒரு செய்தி. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஜி. லட்சுமணன், 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடிகளில் ஓடியபோது அவருக்கு வயது 37. நெடுந்தூர ஓட்டத்தில் உடல் தன் முழுத் திறனை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். 15 வயதில் எல்லாவற்றையும் அடைந்துவிட வேண்டிய அவசரம் இல்லை.

உடற்தகுதித் தேர்வுக்கு எவ்வளவு காலத்துக்கு முன் தொடங்க வேண்டும்?

குறைந்தது 16 வாரங்கள் தேவை. எழுத்துத் தேர்வு முடிவு வெளிவந்த பின்னர் ஓடத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பித்த நாளிலிருந்தே வாரத்தில் நான்கு நாட்கள் அரை மணி நேரம் ஒதுக்கினால் படிப்புக்கும் இடையூறு இராது.

1500 மீட்டரை 7 நிமிடங்களில் முடிக்க, 400 மீட்டர் சுற்று ஒன்றை 1 நிமிடம் 52 விநாடிகளில் ஓடினால் போதும். இது தகுதிக்கான அளவு மட்டுமே. நோயற்ற, இளவயதுடைய பெரும்பாலோர் படிப்படியான பயிற்சியால் இதை எட்ட முடியும். ஓடியே பழக்கமில்லாத ஒருவருக்கான எளிய திட்டம் பின்வருமாறு:

• 1 முதல் 4 வாரங்கள்: வாரத்தில் 4 நாட்கள். 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை என 10 முறை. ஒவ்வொரு வாரமும் ஓடும் நேரத்தைச் சற்றே கூட்டி, நடையைக் குறைத்து, நான்காம் வார இறுதியில் 15 முதல் 20 நிமிடங்கள் தொடர்ந்து மெதுவாக ஓடுதல்.
• 5 முதல் 10 வாரங்கள்: வாரத்தில் 4 நாட்கள், 25 முதல் 30 நிமிடங்கள் மெதுவோட்டம். ஒரு நாள் மட்டும் ஓட்டத்தின் முடிவில் 80 முதல் 100 மீட்டர் தூரத்தைச் சற்று விரைவாக 4 முறை ஓடுதல். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு வாரம் மட்டும் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தல்.
• 11 முதல் 14 வாரங்கள்: வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடி வேகத்தில் 4 முறை ஓடுதல், ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிடம் நடை. மற்ற 3 நாட்கள் மெதுவோட்டம். 14ஆம் வார இறுதியில் ஒருமுறை 1500 மீட்டரை நேரம் பார்த்து ஓடுதல்.
• 15, 16ஆம் வாரங்கள்: ஓட்டத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தல். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாட்கள் ஓய்வு அல்லது இலேசான நடை.

ஓடாத நாட்களில் இரண்டு நாள், 15 நிமிடங்கள் வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்யுங்கள். உட்கார்ந்து எழுதல், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை போதுமானவை. வலுவான கெண்டைக்கால் தசை, எலும்பின்மீது விழும் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

தேர்வு நாளில் செய்யப்படும் பொதுவான பிழை, கூட்டத்துடன் சேர்ந்து முதல் சுற்றை மிக வேகமாக ஓடுவதாகும். முதல் சுற்றைத் திட்டமிட்ட வேகத்திலேயே ஓடுங்கள். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லி, வாழைப்பழம் போன்ற பழகிய உணவை அளவாக உண்ணுங்கள். புதிய காலணி, புதிய பானம், புதிய மாத்திரை எதையும் அன்று முயல வேண்டாம்.

கீழ்க்கால் வலி: எது தசை வலி, எது எலும்பு முறிவு?

புதிதாக ஓடத் தொடங்கியவருக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் இருபுறமும் ஏற்படும் சதை வலி ஓரிரு நாட்களில் தானே மறையும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலி இருந்து, ஓடத் தொடங்கும்போது தோன்றி, உடல் சூடேறியதும் குறைந்தால், அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள திசுவின் அழற்சியாகும். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, மண் தரையில் ஓடி, கெண்டைக்கால் பயிற்சி செய்தால் பொதுவாகச் சில வாரங்களில் குணமாகும்.

மாறாக, விரல் நுனியால் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி. அங்கே அழுத்தினால் கூர்மையான வலி. ஓட ஓட வலி கூடுதல். நடக்கும்போதும், பின்னர் இரவில் படுத்திருக்கும்போதும் வலி. இவை அழுத்த முறிவின் அறிகுறிகள். மீண்டும் மீண்டும் விழும் சுமையால் எலும்பில் ஏற்படும் மயிரிழை போன்ற வெடிப்பே அழுத்த முறிவு. கீழ்க்கால் எலும்பு, பாதத்தின் நடு எலும்புகள் ஆகியவற்றில் இது அதிகம் காணப்படுகிறது.

இங்கே ஓர் உண்மையைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் அழுத்த முறிவு தெரியாமல் இருக்கலாம். “எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை” என்பதற்காக வலியுடன் ஓட அனுமதிக்கக் கூடாது. வலி தொடர்ந்தால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்யப்படும்.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், கீழ்க்கால் எலும்பின் அழுத்த முறிவு பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தினால் குணமாகிவிடும். பொருட்படுத்தாமல் ஓடினால் மயிரிழை வெடிப்பு முழு முறிவாகி, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இரண்டு வார ஓய்வைத் தவிர்க்க நினைத்து ஓர் ஆண்டை இழக்கும் நிலை இவ்வாறே உருவாகிறது.

தொடை இடுக்கில் அல்லது இடுப்பின் முன்புறத்தில் வலி ஏற்பட்டு, காலை ஊன்றும்போது அது கூடினால், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு ஏற்பட்டு விலகினால், மூட்டுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு இடுப்பு மூட்டு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடாது. வலி என்பது எலும்பு அனுப்பும் எச்சரிக்கை. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையோ ஊசியோ வலியை மறைக்குமே அன்றி வெடிப்பை இணைக்காது. மேலும், உடலில் நீர் குறைந்த நிலையில் இம்மருந்துகளை உட்கொண்டு ஓடினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படலாம். மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்பதைத் தவிருங்கள்.

“உடல் தேறும்”, “மூச்சு வாங்காது” என்று கூறி விற்கப்படும் பொடிகளையும் ஊசிகளையும் ஏற்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு, ஊக்க மருந்து ஆகியவை கலந்திருக்கும் ஆபத்து உண்டு. கல்லீரல், இதயம் பாதிக்கப்படுவதுடன், விளையாட்டு வீரராக இருந்தால் ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கிப் பல ஆண்டுகள் தடை பெறவும் நேரிடும்.

பள்ளி வயதில் ஓடும் பிள்ளைகளுக்கு

வளரும் வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சிக் குருத்து இருக்கும். அது முதிர்ந்த எலும்பைவிட மென்மையானது. 8 முதல் 14 வயதுக்குள் ஓடும் பிள்ளை குதிகால் வலிப்பதாகவோ, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதாகவோ கூறினால் அது சோம்பல் அன்று. வளர்ச்சிக் குருத்தின்மீது தசைநாண் இழுப்பதால் ஏற்படுவது. பயிற்சியைக் குறைத்தால் இது குணமாகிவிடும்.

இந்த வயதில் ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் விளையாடச் செய்ய வேண்டாம். கபடி, கால்பந்து, நீச்சல் எனப் பல விளையாட்டுகளில் ஈடுபடும் பிள்ளைக்கு எலும்பு பல திசைகளிலும் வலுப்பெறுகிறது. ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் போட்டிப் பயிற்சியிலிருந்து விடுப்புத் தருவது நல்லது.

உணவு, இரத்தசோகை, மாதவிடாய்

ஓடுபவர் குறைவாக உண்டால், உடல் கிடைக்கும் ஆற்றலை உயிர்வாழ்வுக்கு ஒதுக்கி, எலும்பு வளர்ச்சியையும் இனப்பெருக்க இயக்குநீர்களையும் குறைத்துவிடும். இதனைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு ‘விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு’ என்று பெயரிட்டு விளக்கியது. ஆண், பெண் இருபாலருக்கும் இது ஏற்படலாம். எப்போதும் சோர்வு, எடை குறைதல், அடிக்கடி சளி காய்ச்சல், ஓட்ட நேரம் மோசமாதல், மீண்டும் மீண்டும் எலும்பு வலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

பெண்களுக்கு இதன் தெளிவான அறிகுறி மாதவிடாய் தவறுதலாகும். “ஓடினால் அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலும், 15 வயது முடிந்தும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரை அணுகுங்கள். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு அடர்த்தியில் சுமார் 90 விழுக்காடு 18 முதல் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் இழந்ததைப் பின்னர் முழுமையாக மீட்பது கடினம்.

விலையுயர்ந்த சத்து மாவுகள் தேவையில்லை. நம் மாவட்டத்தில் கிடைக்கும் உணவே போதுமானது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. இப்பகுதியில் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் அழைக்கப்படும் நிலக்கடலை, முட்டை, பருப்பு, சுண்டல், மீன், கருவாடு ஆகியவை புரதம் தருகின்றன. காலையில் வெறும் தேநீருடன் ஓடிவிட்டு மதியம்வரை உண்ணாமல் இருப்பது தவறு. ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கேழ்வரகுக் கூழும் வேகவைத்த நிலக்கடலையும், அல்லது இட்லியும் முட்டையும் உண்ணுங்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டு செல்வது ஹீமோகுளோபின்தான். அது குறைந்திருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சிரைக்கும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறையக் கூடாது. பயிற்சியைத் தொடங்கும் முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மாத்திரையுடன் தேநீர், காபி அருந்தினால் சத்து உடலில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவை சேர்வதற்கு உதவும்.

உறக்கம் பயிற்சியின் ஒரு பகுதி

திசுக்கள் பழுதுபார்க்கப்படுவதற்கு ஆழ்ந்த உறக்கம் இன்றியமையாதது. வளர்ச்சி இயக்குநீரின் பெரும்பகுதி ஆழ்ந்த உறக்கத்தில்தான் சுரக்கிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும், அதற்கு மேற்பட்டோருக்குக் குறைந்தது 7 மணி நேரமும் தேவை. இரவு 12 மணிவரை படித்துவிட்டு 4 மணிக்கு எழுந்து ஓடுவது உடலை வலுப்படுத்தாது. அதிகாலையில் ஓட வேண்டுமெனில் இரவு 9 மணிக்கு உறங்குங்கள். அது இயலாவிட்டால் மாலையில் ஓடுங்கள்.

வெயிலும் தண்ணீரும்

சித்திரை, வைகாசி மாதங்களில் காலை 7 மணிக்கு முன்பும், மாலை 5.30 மணிக்குப் பின்பும் மட்டும் ஓடுங்கள். வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை வேகத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

தாகம் எடுக்கும்போது தண்ணீர் அருந்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பிட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவை ஏற்றவை. தாகமின்றி மிக அதிகமாகத் தண்ணீர் அருந்துவதும் ஆபத்தே; இரத்தத்தில் சோடியம் அளவு இறங்கி, குழப்பமும் வலிப்பும் ஏற்படலாம்.

ஓடும்போது ஒருவர் தள்ளாடினாலும், பொருத்தமின்றிப் பேசினாலும், மயங்கினாலும், உடல் கொதித்தாலும் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். அருகில் தண்ணீர்த் தொட்டி இருந்தால், தலை மேலே இருக்குமாறு பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமர்த்துங்கள். 108 எண்ணை அழையுங்கள். வாகனம் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓடுவதை உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• ஓடும்போது நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், மயக்கம்
• காரணமின்றி இதயம் படபடத்தல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல்
• கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறுதல்
• ஒரே இடத்தில் எலும்பு வலி, இரவிலும் நீடிக்கும் வலி
• காய்ச்சல்

குடும்பத்தில் எவரேனும் 50 வயதுக்குள் திடீரென இறந்திருந்தாலோ, பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருந்தாலோ, ஓட்டப் பயிற்சி தொடங்குவதற்கு முன் இ.சி.ஜி. எடுத்து மருத்துவரின் ஆலோசனை பெற வேண்டும். காய்ச்சலுடன் ஓடுவது இதயத் தசை அழற்சி உள்ளவருக்கு உயிராபத்தை விளைவிக்கலாம். காய்ச்சல் நின்று, உடல் தேறிய பின்னரே மெதுவாக மீண்டும் தொடங்குங்கள். டெங்கு வந்து குணமானவர்கள் மருத்துவர் கூறும்வரை காத்திருங்கள்.

நாட்பட்ட நோய் உள்ளவர்கள் ஓடலாமா?

பெரும்பாலானோர் மருத்துவ ஆலோசனையுடன் ஓடலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரை ஓடுவதற்கு 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன் பயன்படுத்தி, அதை உடன் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் சர்க்கரை அல்லது குளுக்கோஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணையுடன் ஓட வேண்டும். 40 வயதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்து, சில வாரங்கள் விரைவு நடையில் பழகிய பின் ஓடத் தொடங்குவது பாதுகாப்பானது.

ஓடும் இடமும் காலணியும்

மைதானம், ஏரிக்கரை, ஊராட்சிச் சாலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். திண்டிவனத்தில் சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை, மரக்காணம் செல்லும் சாலைகள் கூடுவதால் விடியற்காலையிலும் கனரக வாகனங்கள் ஓடுகின்றன. நெடுஞ்சாலையில் ஓடுவதைத் தவிருங்கள். வேறு வழியின்றிச் சாலையில் ஓடினால், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு வலப்புற ஓரத்தில், வெளிர் நிற ஆடை அணிந்து, காதில் இயர்போன் இன்றி ஓடுங்கள். மார்கழி, தை மாதப் பனிமூட்டத்தில் நன்கு விடிந்த பின்னர் ஓடுங்கள்.

காலணி காலுக்குப் பொருந்தி, அணிந்தவுடன் வசதியாக இருந்தால் போதும். விலை அதிகமானால் காயம் குறையும் என்பதில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் காலணிக்கும், காலணியில் பழகியவர் வெறுங்காலுக்கும் ஒரே நாளில் மாறக் கூடாது. சில வாரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரும் பயிற்சியாளரும் செய்ய வேண்டியவை

நேரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்பதற்கு முன், எங்காவது வலிக்கிறதா, நன்றாக உறங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வலி இருப்பதைச் சொன்னால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் பிள்ளைகள் அதை மறைப்பதுண்டு. வலியைச் சொல்பவரைக் கேலி செய்யாதீர்கள். பெண் பிள்ளைகள் மாதவிடாய் குறித்துத் தயக்கமின்றிப் பேச, தாயோ ஆசிரியையோ வாய்ப்பளிக்க வேண்டும். ஒரே குழுவில் ஓடினாலும் ஒவ்வொருவரின் தாங்கும் அளவும் வேறு. புதிதாக வந்தவரைப் பழகியவரின் வேகத்துக்கு இழுக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை ஓடிய நாட்கள், நிமிடங்கள், வலி, உறங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் வரும்போது அதைக் கொண்டு வந்தால், காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.

எங்கே ஆலோசனை பெறலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மேல் சிகிச்சைக்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.

நீங்கள் இப்போது வலியுடன் ஓடிக்கொண்டிருந்தால், நாளைக் காலை ஓட்டத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லாதவர்கள் நாளை மெதுவாக ஓடுங்கள். உடன் ஓடுபவரிடம் பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.